அஞ்சாதே என்று சொல்லாத சம்மனசு

ஒக்டோபர் 2, வியாழன்

இன்று எங்கள் வீட்டுச் செபமாலைக்கு வந்திருந்தவர்கள்: நான், இவர், மகள் ஜெசிதா, இவரின் தம்பி கொலின்ஸ், பக்கத்து வீட்டு லூர்த்தம்மா அக்கா, அவவின் பூனை. பூனையை எழுதக்கூடாதுதான். ஆனால் ஐந்தாம் இரகசியம் முடியும்வரை அசையாமல் இருந்தது அது ஒன்றுதான். கொலின்ஸ் இரண்டு தரம் ஃபோன் பார்த்தார்.

மாதா சுரூபம் இன்றைக்கு எங்கள் வீட்டில். நாளைக்கு லூர்த்தம்மா அக்கா வீட்டுக்குப் போகும். ஒக்டோபர் முழுக்க இப்படி வீடு வீடாய்.

எல்லாரும் போனபிறகு கரோல் பாட்டுப் புத்தகத்தைக் கணினியில் தட்டெழுத இருந்தேன். எங்கள் மாதர் சங்கத்துக்கென்று முதன்முதலாக ஒரு புத்தகம். மாசியில் பங்குச் சுவாமி என்னிடம் பொறுப்புத் தந்தபோது கொலின்ஸ் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “மச்சாள், உது மீன் கணக்கு எழுதிற வேலை இல்லை.” பாடகர் குழுத் தலைவர் அல்லவா. எழுத்தெழுத்தாய்த் தேடித் தட்டி, கடைசிப் பாட்டு வரை வந்துவிட்டேன். 18ஆம் திகதி சனிக்கிழமை அச்சுக்கூடத்துக்குக் கொடுக்கவேண்டும்.

கடைசிப் பாட்டு நான் கட்டியது. ஒருவருக்கும் தெரியாது. கீழே “ஆசிரியர் தெரியாது” என்று போட்டிருக்கிறேன். பொய்யா இது? ஆசிரியை என்று போடவில்லையே.

இருந்த கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு படம் வந்தது. தேவதூதர் ஒருவர், வெள்ளைச் சிறகு, கையில் கேடயம். “காவல் சம்மனசு உங்கள் கணினியைக் காக்கட்டுமா?” என்று ஆங்கிலத்தில். இன்றைக்குக் காவல் சம்மனசுகளின் திருநாள்! உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஓம் என்பதை அமத்தினேன்.

ஒக்டோபர் 3, வெள்ளி

சம்மனசு சொல்லுகிறது, கணினியில் முந்நூறுக்கு மேல் நோய் இருக்கிறதாம். நேற்று வரைக்கும் சுகமாய் இருந்த பெட்டி.

ஒக்டோபர் 4, சனி

திரை முழுக்கச் சிவப்பு. “ஆபத்து! ஆபத்து!” என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் கத்துகிறது. கேடயம் பிடித்தபடி சம்மனசு நடுவில் நிற்கிறது, ஒதுங்கமாட்டேன் என்கிறது. பாட்டுப் புத்தகத்தைத் திறக்க வழியில்லை. டொலரில் காசு கட்டினால்தான் நோயெல்லாம் போகுமாம், இல்லாவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமாம்.

இவர் கரைக்குப் போகப் புறப்பட்டவர், குரலைக் கேட்டு உள்ளே ஓடி வந்தார். “ஆரப்பா உங்கை கத்திறது?”

“சம்மனசு.”

என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். “காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே உமக்கு?”

வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. எட்டு மாத வேலை. எனக்கு ஏன் இந்த அறிவு முதலே வரேல்லை!

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் கொலின்ஸ் பிடித்துக்கொண்டார். ஜெசிதா சொல்லிவிட்டாள் போல.

“மச்சாள், சம்மனசு உங்களுக்குக் காட்சி குடுத்ததாம். சுவாமிக்குச் சொல்லிப்போட்டியளோ?”

“பகிடி விடாதேங்கோ தம்பி.”

“நான் பகிடி விடேல்லை. பாட்டுகள் போச்சுதெண்டால் போன வருசத்துக் கொப்பியைப் படப்பிரதி எடுப்பம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

அந்த ‘யோசியாதேங்கோ’ தான் குத்திற்று. போன வருசத்துக் கொப்பியில் பாதிப் பாட்டுகளுக்குப் பல்லவியே இல்லை.

பின்னேரம் லூர்த்தம்மா அக்கா தீர்த்தப் போத்தலோடு வந்தா. நான் குசினியில் நின்றேன். வந்து பார்க்கிறேன், கணினிக்கும் தெளித்து, விசைப்பலகைக்கும் தாராளமாய் ஊற்றி முடித்துவிட்டா.

“ஐயோ அக்கா! உது மின்சாரத்திலை ஓடுறது!”

“தீர்த்தம் பிள்ளை, ஒண்டும் செய்யாது.”

சம்மனசுக்கு ஒன்றும் செய்யவில்லை. விசைப்பலகை வேலைசெய்வதை நிறுத்திவிட்டது.

சிரிப்பும் வருகுது, அழுகையும் வருகுது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

செபமாலை மாதா திருநாள். இவர் விசைப்பலகையைக் கவிழ்த்துக் கருவாட்டுப் பாயில் வெயிலுக்கு வைத்தார். இரண்டு பக்கமும் பாரைக் கருவாடு. பின்னேரம் எடுத்து மாட்டினேன். எல்லா எழுத்தும் விழுகிறது! மணம்தான் போகாது. லூர்த்தம்மா அக்காவின் பூனை மேசையில் ஏறி நக்கிப் பார்த்தது.

சுன்னாகத்தில் கணினி திருத்தும் றஞ்சித் என்ற பொடியனுக்கு ஃபோன் எடுத்தேன். முழுக்க அழித்துப் புதிதாய்ப் போடுவதுதான் சுகம் என்றார். உள்ளே இருக்கிற பாட்டுகள்? “அது சொல்லேலாது அக்கா.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

காசைக் கட்டிவிடலாமா? இவரின் வங்கி அட்டை அலுமாரியில் இருக்கிறது. கட்டினால் சம்மனசு ஒதுங்குமென்றால்...

ஒக்டோபர் 9, வியாழன்

இதை ஆறுதலாக எழுதவேண்டும்.

காலையில் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை செதில் எடுக்கிறது, வாய் தன்பாட்டில் என் பாட்டை முணுமுணுக்கிறது.

அஞ்சாதே தண்டையலே, அணியத்திலே ஒளி பார்
கஞ்சிக் கலயம் கீழே வை, கரையிலே பிள்ளை பார்

பெத்லகேமில் இடையருக்குத்தான் சம்மனசு சொன்னது. என் பாட்டில் மயிலிட்டிக் கடலில், வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்று தண்டையலுக்குச் சொல்லுகிறது. வள்ளத்தை நடத்துகிறவனும் இரா முழுக்கக் கண்முழித்துக் காவல் இருக்கிறவன்தானே என்று கட்டினேன். சரியோ பிழையோ தெரியாது.

கத்தி அப்படியே நின்றுவிட்டது. அஞ்சாதே!

சக்கரியாஸுக்கு வந்த சம்மனசு என்ன சொன்னது? அஞ்சாதீர். மாதாவுக்கு? அஞ்சாதீர். சூசையப்பருக்குக் கனவில்? அஞ்சாதீர். இடையருக்கு? அஞ்சாதீர்கள். அவர்களிடம் வந்த உடனே பயத்தை எடுத்த சம்மனசுகள். என் வீட்டுக்கு வந்தது வாய் திறந்த நேரந்தொட்டு என்ன சொல்லுகிறது? ஆபத்து, ஆபத்து, ஆபத்து.

ஈரக் கையோடு உள்ளே ஓடினேன். “இஞ்சாருங்கோ! உது சம்மனசு இல்லை!”

இவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். “அதை நான் அண்டைக்கே சொன்னன்.”

“நீங்கள் எனக்குக் காய்ச்சலோ எண்டுதான் கேட்டனீங்கள்.”

லூர்த்தம்மா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. “அப்ப பசாசே பிள்ளை?”

“பசாசும் இல்லை அக்கா. ஆரோ கள்ளன், செட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நோயும் பொய், மருந்தும் பொய்.”

“பாரன் அவன்ரை வேலையை! நான் ஒரு போத்தல் தீர்த்தத்தை வீணாக்கிப்போட்டன்.”

ஒரு சதமும் கட்டுவதில்லை. எவ்வளவு இலேசாய் இருக்கிறது மனம்.

ஒக்டோபர் 10, வெள்ளி

றஞ்சித் தம்பிக்குத் திரும்ப எடுத்தேன். “கள்ளனை மட்டும் கலைச்சுப்போட்டு வீட்டை அப்பிடியே வைச்சிருக்க வழி இல்லையோ தம்பி?” அவர் சிரித்தார். “இருக்கக்கா, மினக்கேடு.” மினக்கேடு எனக்குப் பிரச்சினையில்லை, நீங்கள் சொல்லுங்கோ நான் எழுதுறன் என்றேன். கடற்கரைக் காற்றில் குரல் வந்து வந்து போயிற்று. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிய சாரம்:

இணைய டொங்கிளை முதலில் இழுத்துவிடவேண்டும். கள்ளனுக்கு வெளியாட்களோடு கதை இருக்கக்கூடாது. பிறகு ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி கணினியை நிறுத்தித் திரும்பத் தொடக்கவேண்டும். நீலத் திரை வரும். அவர் சொன்ன வரிசையில் போய் நாலாம் இலக்கத்தை அமத்தினால் கணினி செப மோட்டுக்குப் போகும். செப மோட்டில் அத்தியாவசியமானவை மட்டும்தான் எழும்பும். கள்ளனால் எழும்ப ஏலாது.

செப மோட்! கணினிக்குள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று இத்தனை நாளாய்த் தெரியாமல் இருந்திருக்கிறேனே.

ஒக்டோபர் 11, சனி

இருந்தவர்கள்: நான், இவர், ஜெசிதா, லூர்த்தம்மா அக்கா. பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினோம்.

“இண்டைக்குக் கணினியைச் செப மோட்டிலை போடப்போறம்” என்று சொன்னேன். லூர்த்தம்மா அக்கா உடனே முக்காடு போட்டுக்கொண்டா. மெழுகுதிரி கொளுத்தவோ என்று கேட்டா. மின்சார வயருக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றேன்.

டொங்கிளை இவர் இழுத்தார், தூண்டிலில் மீன் கழற்றுகிற மாதிரி. ஷிஃப்டை ஜெசிதா பிடித்தாள். நாலை நான் அமத்தினேன். திரை கறுத்தது. பிறகு நாலு மூலையிலும் சின்ன வெள்ளை எழுத்து வந்தது.

ஜெசிதா வாசித்தாள். வாசித்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள், சிரிப்பு அடக்க முடியாமல். “அம்மா... செப மோட் இல்லையம்மா... சேஃப் மோட்! பாதுகாப்பான மோட்!”

“எல்லாம் ஒண்டுதான்” என்றா லூர்த்தம்மா அக்கா. “நாலு மூலையிலும் நாலு சுவிசேஷகர் நிக்கினம், பாரன்.”

சிவப்பும் இல்லை, கத்தலும் இல்லை. றஞ்சித் தம்பி சொன்னபடி, உள்ளே குடியிருக்கிறவைகளை வந்த திகதிப்படி அடுக்கினேன். ஒக்டோபர் 2இல் வந்தது ஒன்றல்ல, இரண்டு. கள்ளன் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கூட்டாளி சொன்னவுடன் போய்விட்டான். சம்மனசை அகற்று என்றேன். விடுமா? ஒரு பெட்டி வந்தது. ஜெசிதா தமிழில் சொன்னாள்: “உங்கள் காவலரை விட்டுவிடுகிறீர்களா?”

எனக்குப் பின்னால் நின்ற இவர், ஞானஸ்நானத்தில் பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமி மூன்று தரம் கேட்க, பிள்ளைக்காக ஞானப்பெற்றார் சொல்லுகிற அதே குரலில், “விட்டுவிடுகிறேன்” என்றார்.

ஓம் என்று அமத்தினேன். திரும்பவும் கேட்டது: “உங்கள் கணினி பாதுகாப்பில்லாமல் போய்விடும். விட்டுவிடுகிறீர்களா?”

இந்த முறை நாலு பேருமாய்: “விட்டுவிடுகிறோம்!”

மூன்றாந்தரமும் கேட்டது. அதுவும் மூன்று தரம்! வீடே அதிரக் கத்தினோம். ஒழுங்கையால் போன மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, என்ன விசேஷம் என்று கேட்டார். “ஞானஸ்நானம்!” என்றா லூர்த்தம்மா அக்கா. “ஆருக்கு?” என்றார் அவர். “கொம்பியூட்டருக்கு!”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோகத் தொடங்கிவிட்டது.

போய்விட்டது. கணினியைச் சாதாரணமாய்த் தொடக்கி, அதன் சொந்தக் காவலைக்கொண்டு முழுக்கத் தேடவிட்டேன். ஒன்றுமில்லை என்றது. பிறகுதான் பாட்டுப் புத்தகம். அமத்த விரல் வரவில்லை. இவர் என் கைக்கு மேல் தன் கையை வைத்து அமத்தினார்.

எல்லாப் பாட்டும் இருந்தது. கடைசிப் பாட்டும்.

உடனே ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்தேன். அதை மாதா சுரூபம் வந்து நின்ற மாடத்தில் வைத்தேன். இனி அதுதான் இடம்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

தேவனுக்குத் தோத்திரம். பூனைக்கு ஒரு சூடை மீன் போட்டேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

கொலின்ஸ் வந்து முழுப் புத்தகத்தையும் திரையில் வாசித்தார். பல்லவிகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “மச்சாள், நல்லாச் செய்திருக்கிறியள். மெய்யாத்தான்.” அவர் வாயிலிருந்து! தேத்தண்ணிக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டேன்.

கடைசிப் பாட்டில் நின்றுவிட்டார். இரண்டு தரம் பாடிப் பார்த்தார். மூன்றாந்தரம் மேசையில் தாளம் தட்டினார். எனக்குக் காது சுட்டது.

“ஆர் மச்சாள் உது கட்டினது? மன்னார்ப் பக்கத்துப் பாட்டோ?”

“தெரியாது தம்பி.”

“மெட்டு எழும்பி வருது. ஆனா பெத்லகேமிலை தண்டையல் எங்கை வந்தவன்? சுவாமி கண்டால் வெட்டுவார். இப்பவே எடுத்துவிடுங்கோ.”

சரி, பாப்பம் என்றேன். அவர் போனபிறகு அழிக்கிற விசையில் விரலை வைத்தபடி இருந்தேன். முழுப் பாட்டையும் தெரிவுசெய்து வைத்திருந்தேன், ஒரு அமத்தலில் போய்விடும். எட்டு நாள் இந்தப் பாட்டு அழிந்துவிடுமே என்றுதானே நித்திரை இல்லாமல் கிடந்தேன். கள்ளன் அழிக்கவில்லை. இப்ப நானா?

எனக்கு யாரிலே பயம்? கொலின்ஸிலா? சுவாமியிலா? தெரியாது என்று சொன்னேனே, அதைச் சொல்லவைத்தது யார்?

விரலை எடுத்துவிட்டேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

டொங்கிளைத் திரும்பக் குத்தினேன். ஜெசிதா சுவாமியின் மின்னஞ்சல் முகவரியை எழுதித் தந்துவிட்டுப் போனாள், மற்றதெல்லாம் நானே. வாழ்க்கையில் முதல் மின்னஞ்சல். புத்தகத்தையும் கூட அனுப்பியிருக்கிறேன். அனுப்பியதன் பிரதி இது:

சுவாமி, தோத்திரம். மாதர் சங்கத்தின் கரோல் புத்தகம் இத்துடன் வருகிறது. கடைசிப் பாட்டில் “ஆசிரியர் தெரியாது” என்று இருப்பது சரியல்ல. அதைக் கட்டியது நான். இடையரை விட்டுத் தண்டையலுக்குச் சம்மனசை அனுப்பியதும் நான்தான். அது வேதத்துக்குப் பிழை என்றால் சொல்லுங்கோ, பாட்டை எடுத்துவிடுகிறேன், மனவருத்தம் இல்லை. பிழையில்லை என்றால் அந்த இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு, றீற்றா கனிசியஸ், மயிலிட்டி என்று போட விருப்பம். சனிக்கிழமை காலையில் அச்சுக்கூடத்துக்குக் கொடுக்கவேண்டும். அதற்கு முன் கெதியாய் ஒரு பதில் தாருங்கோ.