பெயர் கேட்ட பகல்

தாயின் வயிற்றிருளில் எலும்பு கோக்கும் எம் தேவனே, உமக்கே மகிமை உண்டாவதாக.

மசாக்கா,
திங்கட்கிழமை.

குலுவில் இருக்கும் மகன் யோகானாவுக்குத் தந்தை எரிசா கிகோன்யா எழுதுவது:

கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் உன் மனைவி நசோலோவுக்கு முகம் வீங்கித் தலைவலியும் கண்டிருக்கிறது, அத்தையிடம் அமாகிரோவுக்கு மூலிகை வாங்கி அனுப்புங்கள் என்று தொலைபேசியில் சொன்னாய். கர்ப்பிணி சோரம் போனால் வருவதென்று நாம் நம்பிவந்த அந்நோயின் பெயரை உன் வாயால் மறுபடி கேட்டேன். நேற்று நான் விளக்கத் தொடங்கியதும் இணைப்பைத் துண்டித்தாய். ஆகவே எழுதுகிறேன்.

உன் முதல் மனைவி நகிமேரா வலிப்பில் கிடந்த பகலில் நீ ஊரில் இல்லை. உன் அத்தை தலைமாட்டில் அமர்ந்து, "யாருடி அவன்? பேரைச் சொல்லு, வலிப்பு தானா நிக்கும்" என்று அதட்டினாள். "உங்க அண்ணன் மகனை விட்டா எனக்கு யாரைத் தெரியும், அத்தை?" என்றாள் அந்தப் பெண். கதவுக்கு வெளியே வேதபுத்தகத்தோடு நின்ற நான், அறிக்கையிட்டால் பிழைப்பாய் என்று உரக்கச் சொன்னேன். மாலையில்தான் மருத்துவமனைக்குத் தூக்கினோம். பிள்ளையும் அவளோடு போயிற்று. அவள் சோரம் போனவள் என்று நீயும் நம்பினாய்; அவள் கல்லறைக்கு ஒரு சிலுவைகூட வைக்கவில்லை.

அன்று அவளைப் பார்த்த டாக்டர் நந்துமே இந்நோய் கண்ட பெண்களின் ரத்தத்தை ஆராய்பவர். நீ பேசிய மறுநாளே அவரிடம் போனேன். உடலைக் காக்கும் அணுக்களுக்குக் கட்டளையிடும் மரபணுக்கள் தாய்க்கும் சிசுவுக்கும் உண்டு. அவை ஒன்றோடொன்று இசையாதபோது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்து, தாயின் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பில் முடியலாம் என்றார். முழுதும் இன்னும் தெரியவில்லையாம். ஆனால் சிசுவின் பாதி தகப்பனுடையது. நாம் பழித்த வயிற்றில் நம் ரத்தமே இருந்தது, யோகானா.

அவர் என்னை விடவில்லை. "பகல் பூரா பேரு கேட்டீங்களே ஐயா, பக்கத்து வீட்டுல ஒரு காரு கேட்டிருக்கக் கூடாதா?" என்றார்.

இதையும் நீ படிக்காமல் எறிவாய் என்று அஞ்சி, உறைமேல் நசோலோவின் பெயரையே எழுதியிருக்கிறேன். மாமனார் மருமகளோடு பேசுவது நம் குலத்தில் தகாது. தகாததையே செய்கிறேன்.

அம்மா நசோலோ, யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் பதில் சொல்ல நிற்காதே. இதைப் படித்த கையோடு மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல். யோகானா வராவிட்டால் தனியே போ.

கர்த்தர் உன்னையும் உன் வயிற்றுக் கனியையும் அந்த வீட்டையும் காப்பாராக. எங்களிடமிருந்தும் காப்பாராக.

எரிசா கிகோன்யா