எண் எழுதாத தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌகரியம். உங்கள் கால் பெருவிரல் புண் எப்படி இருக்கிறது? மழுப்பாமல் எழுதுங்கள்.

முன்பின் தெரியாதவர்கள் தானம் தந்த தோலின் செல்களைத் தட்டில் வளர்த்து, ஆறாத சர்க்கரைப் புண்ணில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வகத்தில் எங்கள் வேலை. போன வாரம் ஒரு கூத்து. தட்டின் மேல் தோல் தந்தவருக்குரிய எண்ணுக்குப் பதிலாக, ஏதோ நினைப்பில் 'அப்பா' என்று எழுதிவிட்டேன். "நம்பர் இல்லாத தட்டு குப்பைக்குத்தாம்மா," என்று மேலதிகாரி தூக்கிப் போட்டுவிட்டார். மூன்று வார வளர்ப்பு! விடுவேனா? அன்றைக்கே புதிதாக ஆரம்பித்துவிட்டேன்.

விரலை எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், என்னிடம் பேசாமல் தலையாட்டாதீர்கள்.

செல்களுக்குத் தீனி வைக்கும் நேரம், ஓடுகிறேன். வாரா வாரம் புண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். இதுவரை வந்ததெல்லாம் வெறும் கால்தான். இனிமேல் முகமும் தெரியட்டும்.

உங்கள் மகள்