ஐந்தில் ஒரு ஜெட்

ஜனவரி 12, 2019, சனி

விடாத மழை. என்னிடம் கார் ஓட்டக் கற்க வர வேண்டிய இரண்டு பேரும் வரவில்லை. காரை வாசலில் நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்து பழைய ராணுவ ஜெட் விற்பனை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவன் நெவில் குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"லோர்னா, குடித்தனமே காருக்குள்ளதானா? சூப் ஆறுது."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சிறு விமானம் ஓட்டும் உரிமம் இருக்கிறது. மாதம் ஒரு முறை கிளப் விமானத்தில் லிங்கன்ஷயர் முட்டைக்கோஸ் வயல்களுக்கு மேல் ஒரு சுற்று. முன்னால் விசிறி சுற்றும், பின்னால் நான் கொட்டாவி விடுவேன். எனக்கு ஜெட் வேண்டும். கடனாக இல்லை, சொந்தமாக.

வாங்குவது முடியாத காரியமாக இருந்தாலாவது விட்டுத் தொலைக்கலாம். ஐம்பது வருடப் பழைய பயிற்சி ஜெட்டை நல்ல கார் விலைக்குத் தருகிறார்கள். தீனி போடத்தான் முடியாது. ஒரு மணி நேரம் பறந்தால் நெவிலின் ஒரு மாத ஓய்வூதியத்தைக் குடித்துவிடும். பேக்கரியில் நாற்பது வருடம் மாவு பிசைந்து வந்த பணம் அது.

பிப்ரவரி 3, ஞாயிறு

மூக்கு பார்க்கப் போனோம். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கூட்டம் உண்டு. முழு விமானத்துக்கு வழியில்லாதவர்கள், விமானி உட்காரும் முன்பகுதியை மட்டும் அறுத்து வாங்கிக் கொட்டகையில் வைத்துக்கொள்வார்கள். நெவார்க் ஊரில் ஒருவர், துணி துவைக்கும் மெஷினுக்கும் பழைய சைக்கிள்களுக்கும் நடுவில் ஒன்றை வைத்திருந்தார்.

"ஏறி உக்காருங்கம்மா. இன்ஜின் சத்தத்துக்கு ஸ்பீக்கர்கூட மாட்டியிருக்கேன்."

ஏறவில்லை. ஏறினால் வாங்கிவிடுவேன். அப்புறம் ஆயுள் முழுக்க அவர் மாதிரி நகராமல் உட்கார்ந்திருப்பேன்.

திரும்பும்போது நெவில், "வாங்கியிருக்கலாம். மூக்கு மட்டும்னா சளி புடிச்சாத்தான் செலவு" என்றான். வீடு வரும்வரை அவனோடு பேசவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டும் இருந்தேன்.

மார்ச் 16, சனி

கிடைத்துவிட்டது! ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஜெட் வைத்திருக்கிறார்கள். அறுபதுகளில் விமானப்படையில் பயிற்சிக்குப் பறந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். செட்ரிக் என்பவருக்கு இடுப்பு எலும்பு மாற்றியாகிவிட்டது. தன் ஐந்தில் ஒரு பங்கை விற்கிறார். செலவும் ஐந்தாகப் பிரியும். இது என்னால் முடியும்.

குழுவுக்குத் தலைவர் டூகல். விமானப்படையில் பயிற்சியாளராக இருந்தவர், ஸ்காட்லாந்துக்காரர்.

"முதல்ல சனிக்கிழமைக்கு சனிக்கிழமை வந்து துடைக்கணும், டீ போடணும். அப்புறம் நாங்க நாலு பேரும் முடிவு பண்ணுவோம். ஒருத்தன் மூஞ்சி சுளிச்சாலும் கிடையாது, அம்மணி."

அவரிடம் என் கதையைச் சொன்னேன். பதினெட்டு வயதில் விமானப்படை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். பொம்பளைகளைப் பறக்க எடுப்பதில்லை, வயர்லெஸ் வேலை இருக்கிறது என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அங்கே உட்கார்ந்திருந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருக்கிறேன். டூகல் துடைக்கும் துணியை நீட்டினார்.

மார்ச் 30, சனி

ஜெட்டின் வயிற்றைத் துடைத்தேன். தலைமுடியெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். என்ன சந்தோஷம்!

ஏப்ரல் 27, சனி

நாலு பேருக்கும் சம்மதம். செட்ரிக் கையைப் பிடித்து, "அவள நல்லா பாத்துக்கோங்க" என்றார், பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர் மாதிரி. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை தவறான திருப்பத்தில் திரும்பினேன். ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள்!

மே 11, சனி

இல்லை.

எழுதவே கை வரவில்லை. விமானி இருக்கையில் இன்று முதல் முறையாக உட்கார்ந்தேன். இதுவரை ஜெட்டைத் துடைக்கத்தான் விட்டிருந்தார்கள், ஏற விடவில்லை. பங்கு உறுதியாகாமல் ஏறுவது அவர்களுக்கு ஆகாது. டூகல் அளவு நாடாவை எடுத்து இடுப்பிலிருந்து முழங்கால்வரை வைத்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

அது ஆபத்தில் ஆளைத் தூக்கி வெளியே எறியும் இருக்கை. எறியும்போது முழங்கால் முன்சட்டத்தில் இடிக்கக் கூடாது. என்னுடையது இடிக்கும். இரண்டு காலும் முழங்காலோடு போய்விடும். எடை பார்த்தேன், உயரம் பார்த்தேன், கண் பார்த்தேன். தொடையை அளக்க எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

"அந்த இருக்கைய செயலிழக்க வெச்சுட்டா என்னங்க?" என்று கூட வந்திருந்த நெவில் கேட்டான். அவன் கேட்டதே எனக்கு ஆச்சரியம்.

"அத நம்பித்தான் எங்க வீட்டுக்காரிங்க எங்கள மேல விடுறாங்க" என்றார் டூகல். பிறகு என்னைப் பார்க்காமல், "எழுபத்தெட்டுல உங்கள உள்ள விட்டிருந்தாலும், அம்மணி, மொத நாளே தொடைய அளந்து திருப்பி அனுப்பியிருப்பாங்க" என்றார்.

மே 12, ஞாயிறு

அத ஏன் சொன்னார் அந்த மனுஷன்?

ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனா என்கிட்ட இருந்ததே அந்த ஒரு கோவம்தான். என்னை விடல, விட்டிருந்தா பறந்திருப்பேன் — இத வெச்சுத்தானே நாப்பது வருஷம் ஓட்டினேன்! இப்ப அதுவும் இல்ல. யாரத் திட்ட? எங்கப்பாவோட கால் எலும்பையா?

இல்ல. அவங்க அளந்து பாக்கவே இல்லயே. அளந்து அனுப்புறது வேற, பாக்காமலே அனுப்புறது வேற. அந்தக் கோவம் எனக்கு இன்னும் உண்டு. விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மே 20, திங்கள்

டூகல் கூப்பிட்டார். பறக்காத வாரங்களில் இன்ஜினை ஓட விட வேண்டும், ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். தரையில் ஓடும்போது இருக்கையைப் பூட்டி வைப்பதால் தொடைக்கு ஆபத்தில்லை.

"அத நீங்க பண்ணுங்க. பங்கு உங்க பேர்லதான். பறக்குற எண்ணெய்க் காசு வேண்டாம், கொட்டகைச் செலவு மட்டும் குடுங்க. நாலு பேரும் சரின்னுட்டாங்க."

இதைவிட மலிவாக ஜெட்டுக்குச் சொந்தக்காரி ஆன ஆள் இந்த நாட்டில் இருக்க முடியாது. யோசிக்காமல் சரி என்றேன். போனை வைத்ததும் என்மேலேயே வெறுப்பாக இருந்தது. நிறுத்தி வைத்த காரில் ஸ்டியரிங்கைத் திருப்பி விளையாடும் பிள்ளையா நான்?

ஜூன் 8, சனி

இடது இருக்கையில் நான், வலதில் டூகல். வேலியோரம் நெவில், காதுகளைப் பொத்திக்கொண்டு.

"வேகத்த ஏத்துங்க. நான் சொன்னதும் குறைக்கணும்."

முதுகு இருக்கையோடு அப்பியது. ஓடுபாதைக் கோடுகள் ஒன்றாகக் கலந்தன. அவர் "குறைங்க" என்றார். நான் ஒரு மூச்சு நேரம் குறைக்காமல் வைத்திருந்தேன். முன்சக்கரம் தரையை விட்டது. மூக்கு எழுந்தது. ஓடுபாதை மறைந்து கண் முன்னால் வெறும் வானம். இன்னும் கொஞ்சம் விட்டால் போதும், இது தானாகப் போய்விடும். என் கையில் இருந்தது.

குறைத்தேன். மூக்கு இறங்கியது.

டூகல் திட்டவில்லை. ஜெட்டைக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டோம். பெட்ரோல் வாடையும் வெயிலுமாக இருந்த காரில் ஏறி உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். நெவில் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"போதலயா?"

"போதல."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"அந்த எறியுற இருக்கை இல்லாத ஜெட்டே கிடையாதா?"

ஒரு மாதமாக எனக்குத் தெரியும். அவனிடம் வாய் திறக்கவில்லை.

"இருக்கு. பிரான்ஸ்ல செஞ்சது. அங்க ஒரு குழுவுல பங்கு விக்கிறாங்க."

அவன் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

"அங்க ரொட்டியாவது நல்லா இருக்கும்" என்றான். "வண்டிய எடு."