அப்பாவின் தொண்டைக்கு ஒன்றுமில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி, மருமகள், கைக்குழந்தை எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுவும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். கையால் எழுதிய காகிதத்தைப் பார்த்ததும் உனக்குப் பகீர் என்றிருக்கும், பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போன் இருக்கும்போது மாமனாருக்கு ஏன் இந்த வேலை என்று மாப்பிள்ளை கேட்பார். காரணம் இருக்கிறது, ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, முதலில் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பி புது வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறான். அதைப் போனிலிருந்தே ஓட விடலாமாம். காலையில் குழந்தையின் துணிகளைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறான், சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஓட விடுகிறான், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது துணி உலர்த்தத் தயாராக இருக்கிறது. முதல் நாள் இதை யாரும் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆள் இல்லாத இடத்தில் மெஷின் தானாகச் சுற்ற ஆரம்பித்ததும், அவள் கரண்டியோடு போய் அதன் முன்னால் நின்று யாரது என்று கேட்டிருக்கிறாள். பதில் வராததால் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். அங்கே இவன் ஆபீஸில் போனைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறான். இப்போது இரண்டு பேருக்கும் ராசியாகிவிட்டது, துவைத்து முடித்து அது பாட்டுப் பாடினால் உன் அம்மா சமையலறையிலிருந்தே 'வரேன் வரேன், கத்தாத' என்று பதில் சொல்கிறாள். மருமகள் மறுபடி பள்ளிக்கூட வேலைக்குப் போகிறாள், அதே சின்னப் பிள்ளைகள் வகுப்புதான். குழந்தை தூங்கும் அறையில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள், இடைவேளையில் போனில் பார்த்துக்கொள்கிறாள். குழந்தையின் பக்கத்தில் நான் வாயைப் பிளந்து தூங்குவதும் அதில் தெரிகிறதாம், வந்ததும் வராததுமாகச் சிரிக்கிறாள். இந்தச் சாமான்களை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன் அம்மா, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இவை இல்லாவிட்டால் லீவு நாள் முழுக்கத் துணி துவைப்பதிலேயே போய்விடும். இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், இனிமேல் எழுதப் போவதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு மெஷினைக் கண்டாலே ஆகவில்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது.

என் தொண்டையைப் பற்றித்தான். அதற்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்று வீடியோவில் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினேனே, அது நடிப்பு. நீ சொன்னபடி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறார் என்று அவள் சொன்னதும் புளுகு. அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் கெஞ்சித்தான் சொல்லவைத்தேன்.

அப்பா, வாலுவின் அறையில் வைக்கப் பேசுகிற ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறேன், அதில் நமக்குப் பிடித்த குரலைப் பதிவு செய்து நேரத்துக்கு நேரம் பேசவைக்கலாம், நீங்கள் பேசிக் கொடுங்கள் என்று நீ கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவனுக்கு இது ஒரு வேலையா. எதிரொலி வரக் கூடாது என்று உன் தம்பி என்னைப் பீரோவைத் திறந்து துணிகளுக்கு நடுவில் தலையை விடச் சொன்னான், நானும் உன் அம்மாவின் சேலைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசினேன். வாலு எழுந்தாச்சா, பல் தேய்ச்சாச்சா, பாலைக் குடி, ஷூவைப் போடு, பையை எடு, வாசலுக்கு வா. ஒரே வாரத்தில் நீ போன் செய்து, காலையில் வீட்டில் சண்டையே இல்லை அப்பா, நான் பத்துத் தடவை கத்தினாலும் அசையாதவள் உங்கள் குரலுக்கு ஓடுகிறாள், லேபுக்கு நேரத்துக்குப் போகிறேன், சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை, நின்று நிதானமாக ஒரு டீ குடிக்கிறேன் என்று சொன்னாய். நீ உட்கார்ந்துகூட இல்லை, நின்றுகொண்டு குடிக்கும் டீயைப் பெரிய சுகமாகச் சொன்னது எனக்கு மனதை என்னவோ செய்தது. ஆனாலும் பெருமை தாங்கவில்லை. வேலையிடத்தில் டிக்கெட் கொடுப்பவர், போர்ட்டர், பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தவர் என்று ஒருவரிடமும் சொல்லாமல் விடவில்லை.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். வீடியோவில் நீ போனைத் திருப்பிக் காட்டினாய், வாலு இரவு உடையிலேயே தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். நான் வழக்கம்போல, என்ன வாலு, எழுந்தாச்சா என்று கேட்டேன். பென்சிலை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். வரைந்ததை எடுத்துவரப் போகிறாள் என்று நினைத்து நாம் வேறு பேச்சில் இருந்தோம். திரும்பி வந்தாள் பார், வாயோரத்தில் பேஸ்ட், இரவு உடைக்கு மேலே பை, ஷூ இரண்டும் கால் மாறிப் போட்டு, வாசல் கதவோரம் போய் நின்றாள். நீ சிரித்தாய், மாப்பிள்ளை சிரித்தார், உன் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது, நானும் சிரித்தேன். அந்தச் சத்தத்தில் அவள் சொன்னது உன் காதில் விழுந்திருக்காது. போனைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு, 'எல்லாம் பண்ணிட்டேன் தாத்தா, இன்னும் என்ன பண்ணணும்' என்றாள். உதடு நடுங்கியது. நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் நிலையத்தில் நேரத்துக்கு வருகிற ரயில்களையெல்லாம் மெஷினே அறிவித்துவிடும், ரயில் தாமதம், பிளாட்பாரம் மாற்றம் என்றால்தான் மைக் என் கைக்கு வரும். என் குரல் கேட்டாலே பயணிகள் தலையில் கை வைப்பார்கள், சிலர் என் காதுபடவே திட்டுவார்கள். அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை, போகட்டும். என் பேத்தியும் என் குரலைக் கேட்டால் தலையில் கை வைப்பதா. அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கியதோடு சரி, அதற்கப்புறம் அவளுக்கு நான் வெறும் குரல்தான். வரும் லீவுக்கு நீங்கள் வரும்போது நான் வாயைத் திறந்து வா என்று கூப்பிட்டு, அவள் உன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் நான் தாங்க மாட்டேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். மகள் அங்கே நிம்மதியாக மூச்சு விடுகிறாள், அதைக் கெடுக்கப் போகிறீர்களா என்று முதலில் என் மேல்தான் பாய்ந்தாள். அவள் சொல்வதும் நியாயம்தான், அதனால்தான் வாயை மூடிக்கொண்டு மஃப்ளரைச் சுற்றினேன். ஆனால் நான் பேசாமல் இருந்தாலும் அந்த ஸ்பீக்கர் அங்கே தினமும் என் குரலில் அவளை விரட்டிக்கொண்டுதானே இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன் அம்மா. நீயும் மாப்பிள்ளையும் காலையில் அவளைத் திட்டினால் சாயங்காலம் மடியில் போட்டுக் கொஞ்சிச் சரி செய்துவிடுவீர்கள். எனக்கு அந்தச் சாயங்காலம் இல்லை. கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம், அதிலும் பாதி நேரம் படம் நின்றுவிடுகிறது. அதனால் விரட்டுகிற வேலையை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடு.

ஸ்பீக்கரை எடுக்க வேண்டாம், உன் டீ ஆறக் கூடாது. மருமகள் ஒரு வழி சொன்னாள், அவள் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதென்றால் உயிராம். பல் தேய், ஷூ போடு என்பதையெல்லாம் வாலுவின் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்துவிடு. அவளை அதிகாரம் செய்ய அவளைவிட்டால் வேறு ஆள் யார். முதல் இரண்டு நாள் விளையாட்டாகப் போகும், லேபுக்குத் தாமதமாகும், சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் எனக்காகக் கேட்டுக்கொள். இதில் உன் தப்பு எதுவும் இல்லை, கேட்டது நீ, பீரோவுக்குள் தலையை விட்டது நான். இதைப் போனில் சொன்னால் அவள் காதில் விழும், மெசேஜில் எழுதலாம் என்றால் உன் போன் எந்நேரமும் அவள் கையில், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் இந்தக் காகிதம், படித்ததும் மடித்து உள்ளே வைத்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு, டீயை உட்கார்ந்து குடி. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, மனம் நிறைந்து வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

மறந்துவிடாதே, குரலை மாற்றியபின் வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. நான் முதலில் வாயைத் திறக்க மாட்டேன், அவள் ஆரம்பிக்கட்டும். தாத்தா இன்றைக்கு நீ சொல்வதைச் செய்வார் என்று அவளிடம் சொல்லி வை. பல் தேய்க்கச் சொன்னால் தேய்க்கிறேன், ஷூ போடச் சொன்னால் போடுகிறேன், பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கச் சொன்னால், அவள் போதும் என்று சொல்கிற வரைக்கும் நிற்கிறேன்.

அன்புடன்,
உன் அப்பா