பயணம் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறவன்

அய்யம்பேட்டை
16-10-98, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் முபாரக்குக்கு அம்மாவின் துஆவும் ஸலாமும். இங்கே எல்லாரையும் அல்லாஹ் எழுந்து நடமாட வைத்திருக்கிறான், அபுதாபியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி தேவலையா என்பதை முதலில் எழுது. ராஜகிரிக்காரர் ஒருவர் நாளைக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நம் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஊரே கூடியிருந்தது என்று யாராவது உனக்குப் போன் போட்டால் நம்பாதே. உங்க அத்தா, நான், பிரசவத்துக்கு வந்திருக்கும் உன் தங்கச்சி ஆஷிகா, அத்தாவின் தங்கை ஷம்சாத் மாமி, டிராவல்ஸ்காரர், பக்கத்து வீட்டு அம்சம், நம் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிற வைத்தியலிங்கம். வைத்தியலிங்கம் நடவு முடிந்ததைச் சொல்ல வந்தவர், காலெல்லாம் சேறு என்று படியிலேயே நின்றுகொண்டார். அவ்வளவு பேர்தான். நீ உன் முதலாளி காலைப் பிடித்து வாங்கி அனுப்பிய விசாவில் உன் தம்பி ஷஹ்பாஸ் போகிறானா இல்லையா என்று அவன் வாயால் கேட்பதற்காகக் கூடினோம். அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள் போய் இறங்காவிட்டால் அது செல்லாது என்று டிராவல்ஸ்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அவன் சங்கதி உனக்குப் பாதி தெரியும், பாதி நான் மறைத்ததுதான். படித்து முடித்து மூணு வருஷமாக அவன் செய்கிற தொழில் இன்னது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல வரவில்லை. காமெடி என்கிறான். ஆனால் சிரிக்கிற மாதிரி ஒன்றும் பேசுவதில்லை. நம் சொந்தக்காரப் பெண் சுமையா கல்யாணத்தில் மேடை ஏறி, ஹலோ மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ என்று ஆரம்பித்தவன், பந்தி முடிகிற வரை அதையே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, இத்துடன் நிகழ்ச்சி நிறைவு பெறுகிறது என்று இறங்கி வந்துவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஆனால் பந்தி பரிமாறிய பையன்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு உருண்டு உருண்டு சிரித்தார்கள். பிறகு மெட்ராஸில் டிவிக்காரர்கள் ஆள் எடுத்தார்கள் என்று போனான். எல்லாரும் சினிமா நடிகர் மாதிரி பேசிக் காட்டினார்களாம். இவன் மட்டும் கரண்ட் போகிற சத்தம் செய்கிறேன் என்று சொல்லி, மின்விசிறி நிற்கிற மாதிரி தலையை மெதுவாகச் சுற்றி நிறுத்திவிட்டு, அப்படியே நின்றானாம். எப்பப்பா ஆரம்பிப்ப என்று கேட்டதற்கு, இன்னும் கரண்ட் வரலைங்க என்றானாம். வெளியே அனுப்பிவிட்டார்கள். அதை என்னிடம் வந்து சொல்லும்போது பரிசு வாங்கியவன் மாதிரி சொன்னான். நெல் கொட்டுகிற அறைச் சுவர் முழுக்கக் கரியால் மனுஷர்களை வரைந்து வைத்திருக்கிறான், எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தருக்கும் முகம் கிடையாது. உருவம் இருக்கிற இடத்தில் அல்லாஹ்வின் ரஹ்மத் இறங்காதே என்று சுண்ணாம்பு அடித்தேன், திரும்ப வரைந்தான், திரும்ப அடித்தேன். இப்போது அடிப்பதில்லை, அந்த அறையில் தொழுவதில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன் விசா வந்ததும் போன மாசம் ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, கையில் பெட்டியோடு வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி விடைபெறக் கிளம்பினான். அல்லாஹ் மனசைத் திருப்பிவிட்டான் என்று நான் நன்றி சொல்லி ஷுக்ருடைய தொழுகை தொழுது, பாயசம் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தனுப்பினேன். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்க என்று ஒவ்வொரு வீட்டிலும் கையைப் பிடித்துச் சொன்னானாம். எல்லாரும் அழுதிருக்கிறார்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு என்று ஊறுகாயும் வடகமும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாளும் அதே சட்டை, அதே பெட்டி, அதே வீடுகள். நேத்துத்தானே தம்பி சொன்னே என்றால், இன்னிக்கும் போறேன் மாமி என்கிறான். மூணாம் நாள் வடக்குத் தெருவில் கதவைச் சாத்திவிட்டார்கள். பொட்டலங்களை எல்லாம் யார் வீட்டுது எது என்று அவன் குறித்து வைத்திருந்தபடியால் நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். அம்சம் மட்டும், அங்கே இருக்கும் தன் மகன் இளஞ்செழியனுக்குக் கட்டியதை வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். வச்சிருங்கக்கா, உங்க மவன் ஒரு நாள் நெசமாவே போவாம்ல என்றாள். அது ஆறுதலா குத்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன். அத்தா கூப்பிட்டதும் உள்ளே இருந்து அதே பெட்டியோடு வந்தான். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் பயணம் சொன்னான். டிராவல்ஸ்காரர் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார். அத்தா எழுந்து தலையில் கை வைத்து துஆ ஓதினார். ஸலாம் சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போனவன், திரும்பி வந்து, பயணம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் என்றான். அத்தாவுக்கு முகம் கறுத்துவிட்டது. மறுபடி போனான், மறுபடி வந்தான். வர வர வேகமாக, மூச்சு வாங்க வந்தான். நாலாவது தடவை வைத்தியலிங்கம் படியிலிருந்து, தம்பி, இந்தத் தடவையாவது பஸ் கெடைச்சுதா என்று கேட்டுவிட்டார். ஷம்சாத் மாமி முந்தானையால் வாயைப் பொத்தினாள், ஆஷிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், டிராவல்ஸ்காரர் சிரிக்கிறார், உங்க அத்தாவும் சிரித்துவிட்டார். நீ போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவன் போகமாட்டான், பெரியவனுக்கு எழுதிடு என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை.

எல்லாரும் போனபிறகு அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன், ஏண்டா இப்படி மானத்தை வாங்குறே, அண்ணன் அங்கே எவ்வளவு சிறுமைப்பட்டு வாங்கினதுடா அது என்று. அவன் சோற்றில் குழம்பைப் பிசைந்துகொண்டான். பிறகு, அண்ணன் பயணம் போன அன்னிக்குத் தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஓடி வந்துச்சேம்மா, ஞாபகம் இருக்கா என்றான். பாஸ்போர்ட்டை டிவி மேலே வைத்துவிட்டேன் என்று நீ ஓடிவந்தாயே, அதைத்தான் சொல்கிறான். நீ போகவில்லை என்று நினைத்து உனக்குச் சோறு போட நான் அவசரமாக எழுந்து தட்டை எடுத்தேனாம். எனக்கு அது நினைவே இல்லை. நான் பார்த்தேம்மா உன் மூஞ்சிய, அதைத்தான் நான் எல்லா வீட்டிலயும் பண்ணிப் பாக்கிறேன், சிரிப்பு வர்றது போகும்போது இல்லம்மா, வரும்போது என்றான். உண்மையைச் சொல்கிறேன், புதன்கிழமை அவன் ஒவ்வொரு தடவை வாசலில் நுழைந்தபோதும் எனக்கு முதலில் உன் உருவம்தான் தெரிந்தது, நானும் சிரித்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பெங்களூரில் சில பேர் இதையே மேடையில் செய்யச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த மாசம் ஐந்தாம் தேதி போகப்போகிறான், போனால் பத்தாம் தேதிக்குள் திரும்பமாட்டான், உன் விசா போச்சு. சத்தியம் வாங்கிக்கொண்டு உன்னிடம் அனுப்பி வைக்க என்னால் முடியும், நான் அழுதால் அவன் தாங்கமாட்டான். ஆனால் உன்னையும் அப்படித்தான் அனுப்பினேன், ஐந்து வருஷமாக ஒவ்வொரு தடவையும் லீவு தள்ளிப் போகிறது, தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட உன்னால் வர முடியவில்லை. இவனையும் அனுப்பிவிட்டு நானும் அத்தாவும் இந்த வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா. அனுப்பாவிட்டால் இவன் நாளைக்கு எதை வைத்துப் பிழைப்பான், உன் முதலாளி முகத்தில் நீ எப்படி முழிப்பாய். ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன், எந்தப் பக்கமும் மனசு சாயமாட்டேன் என்கிறது.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. ஆஷிகாவுக்குச் சுகப்பிரசவம் ஆக யாஸீன் ஓது. அல்லாஹ் உன் காலில் முள் படாமல், உன் கையைப் பரக்கத்தோடு வைத்திருக்கட்டும்.

டிக்கெட் போடச் சொல்லட்டுமா, வேண்டாமா? உனக்குக் கோபம் என்றாலும் அதை எழுது. ஐந்தாம் தேதிக்கு முன்னால் பதில் வந்து சேர வேண்டும், சீக்கிரம் எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
நஃபீசா