சத்தம் வராத ஃபேன்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே ஹால் ஃபேனைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ சிரித்தே பாதியைக் கேட்காமல் விட்டுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுதாகப் படி.

எங்கள் ஃபேன் கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, அவர்கள் அனுப்பிய புது மேனேஜர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர், வந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, உங்க புகார் பிரிவுக்கு இந்த மாசம் ஒரு புகாரும் வரலையே, அப்புறம் அந்தப் பிரிவு எதுக்கு, மாசக் கடைசில மூடிடலாம் என்றார். புகாரே வராதபடி வேலை பார்த்ததற்கு இதுதான் பரிசு, நல்லதுக்குக் காலமில்லை. இந்த வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள், எனக்காவது அப்பா இருக்கிறார், எங்கள் மெக்கானிக் எங்கே போவான், எதற்கெடுத்தாலும் முதலில் எண்ணெய் விட்டே ‘எண்ணெய்’ என்று பெயர் வாங்கியவன், அவனுக்கு வேறு பிழைப்பும் தெரியாது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த வாரம் பார்த்துத்தான் உன் தங்கை கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். குட்டிக்கு அப்படியே உன் மூக்கு, உன் பிடிவாதம். காலையில் ஆபீசில் காலண்டரைப் பார்த்து மிச்ச நாளை எண்ணுவேன், சாயங்காலம் அவள் கொட்டாவி விடுவதைப் பார்த்து வீடே கைதட்டும்.

இதற்கு நடுவில் உன் அப்பா ஒரு காரியம் செய்தார். புகார் நம்பருக்கு போன் செய்து, குரலை மாற்றிக்கொண்டு, எங்க ஹால் ஃபேன் கரக் கரக்னு சத்தம் போடுது என்று சொல்லி, போனை எடுத்த என்னிடமே நம் வீட்டு விலாசத்தை நிதானமாகச் சொன்னார். உதவி செய்கிறாராம். நான் விதியை மீறுகிறவளா, எண்ணெயைக் கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டு மணியை நானே அடித்தேன். கதவைத் திறந்தவர், வாங்க மேடம், ஹால் இந்தப் பக்கம் என்று எனக்கே வழி காட்டினார். எண்ணெய் ஏணி போட்டு ஏறினான், எண்ணெய் விட்டான், சத்தம் நின்றது, குட்டி வீலென்று கத்தினாள். வந்த நாள் முதல் அவள் அந்தக் கரக் கரக்கில்தான் தூங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. உன் தங்கை பீரோக் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள், அப்பா தொண்டை கட்டும் வரை வாயாலேயே கரக் கரக் என்றார், ம்ஹூம். திருப்தி என்று அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டால், சத்தம் வருதுன்னு சொன்னது தப்பு மேடம், சத்தம் வரலைன்னு மாத்தி எழுதிக்கோங்க என்கிறார். எழுதிக்கொண்டேன், வேறென்ன செய்ய.

அதுதான் வினையாகிப் போனது, அல்லது வரமாகிப் போனது. வாடிக்கையாளர் திருப்தி என்று கையெழுத்துப் போடாமல் புகாரை முடிக்கக் கூடாது, முடியாத புகார் இருக்கும்போது பிரிவை மூடக் கூடாது என்று புது முதலாளிகளே பெருமையாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மேனேஜர் நேரில் வந்துவிட்டார். கோட்டோடு ஏணியில் ஏறி ஒரு திருகாணியைத் தளர்த்தினார், டிக் டிக் என்றது, கரக் வரவில்லை. குட்டி கத்தின கத்தலில் மனிதர் வெலவெலத்துப் போய் அவளைத் தோளில் வாங்கிக்கொண்டு கரக் கரக் என்று சொல்லியபடியே ஹாலில் நடந்தார், அவள் தூங்கியே போய்விட்டாள், கோட்டையும் நனைத்துவிட்டாள். கீழே விட்டால் விழித்துக்கொள்வாள் என்று ஒரு மீட்டிங்கையே போனில் கிசுகிசுத்து முடித்தார். போகும்போது, இப்ப திருப்தியா சார் என்று கெஞ்சினார். அப்பா, இல்லீங்க என்றார். நான் சமைத்ததில் உப்பில்லை என்றுகூட இதுவரை சொல்லத் தெரியாத மனிதர்!

மாதக் கடைசி வந்தது, போனது, பிரிவு அப்படியே இருக்கிறது. மேனேஜர் வாராவாரம் போன் செய்து கேட்கிறார், அப்பா இல்லீங்க என்கிறார். ஆனால் குட்டி இப்போது எந்தச் சத்தமும் இல்லாமலே தூங்குகிறாள். எனக்கு மனசு உறுத்தியது, என் குணம்தான் உனக்குத் தெரியுமே. குழந்தை தூங்கறா, பொய் சொல்லி என் வேலைய காப்பாத்த வேண்டாம், கையெழுத்துப் போடுங்க என்று பேனாவையே நீட்டிவிட்டேன். அவர் அதை வாங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, குழந்தை தூங்குது சரி, இந்த வீட்ல இன்னொருத்தி மாசம் பூரா தூங்கலையே, அவ என்னைக்கு நிம்மதியாத் தூங்கறாளோ அன்னைக்குப் போடறேன் என்றார்.

நீ அங்கே வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, குட்டியைப் பார்க்க ஒரு நடை வந்துவிட்டுப் போ. எங்கே இருந்தாலும் நிறைந்த மனதோடு, நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அவர் அப்படிச் சொன்ன அன்றிலிருந்து நான் நன்றாகத்தான் தூங்குகிறேன், அப்பாவிடம் சொல்லிவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா