காலியாக வந்த பென் டிரைவ்

கடையின் இரண்டாவது சாவியை வைத்திருந்த என் ரஹீமாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் சாரல் சீசன் இது. குற்றாலத்துக்கு வந்த கூட்டம் தென்காசி வரைக்கும் நிறைந்து கிடக்கிறது. நனைந்த போனையும் கேமரா கார்டையும் தூக்கிக்கொண்டு நம்ம கம்ப்யூட்டர் கடைக்கு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். உன் மகள் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் காலேஜுக்குப் போய்வருகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சண்டையும் போடுகிறாள். அவளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உன்னிடம் சொல்லாமல் மனசுக்குள் அடைத்து வைத்திருந்த சேதி ஒன்று இருக்கிறது. நீ இருந்திருந்தால் நாம் சேர்ந்தே செய்திருப்போம்.

இலத்தூரிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் கடைக்கு வந்தார்கள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன், கௌரி என்று வைத்துக்கொள். அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கௌரிக்கு நிச்சயம் பண்ணிய பையன் சரியில்லை என்று கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து அவன், அவள் முகத்தை வேறு படங்களில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் அனுப்புவேன் என்று மிரட்டியிருக்கிறான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். “எல்லாத்தையும் அழிச்சாச்சு, இத்தோட விடுங்க” என்று அவன் வீட்டார், அவன் படங்களை வைத்திருந்த பென் டிரைவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதை மேஜையில் வைத்து அப்பா சொன்னார். “காலியாத்தான் இருக்குன்னு சொல்லுதாங்க. இருந்தாலும் ஒருதடவை ஃபார்மட் அடிச்சுத் தாங்கம்மா. நாங்க நிம்மதியா போயிருதோம்.”

போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைத் திரை. ஃபார்மட் பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் அந்த இடத்தில் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? ஆறப்போட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக் கேட்பாய். நானும் பார்த்தேன். கௌரி அந்த டிரைவையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னேன். “நல்லா கேட்டுக்கம்மா. ஃபைலை அழிச்சா அதோட பேருதான் போகும். படம் உள்ளதான் கிடக்கும், அதுமேல வேற ஏதாச்சும் பதியுற வரைக்கும். குயிக் ஃபார்மட்டும் ஏறக்குறைய அதே கதைதான். ‘குயிக்’னு இருக்க கட்டத்துல டிக்கை எடுத்துட்டு முழுசா ஃபார்மட் போட்டா, மூலைமூலைக்கும் சைபரை எழுதிட்டு வரும். அப்புறம் நானே நினைச்சாலும் எடுக்க முடியாது. மிரட்டுனவன் மேல புகார் கொடுக்கணும்னு நினைச்சா, சாட்சியும் அதோட போயிரும். என்ன செய்யணும்னு நீ சொல்லு.”

“புகாரா? கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ளைம்மா!” அப்பா எழுந்துவிட்டார்.

கௌரி எழவில்லை. “உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்க்கா” என்றாள்.

டிரைவில் எதையும் எழுதாமல், அழிந்ததைத் தேடிப் படிக்க மட்டும் செய்யும் சாஃப்ட்வேரை ஓட்டினேன். மவுஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, “நீயே பாரும்மா, நான் திரும்பிக்கிடுதேன்” என்று சுவரைப் பார்த்து நின்றேன். அப்பா வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளிக், கிளிக் என்று சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அக்கா, இது நான் இல்லை.”

நான் சுவரைப் பார்த்தபடியே நின்றேன்.

“இது வேற பொண்ணு. நிறைய இருக்கு. அந்தப் பொண்ணு கெஞ்சி அனுப்புன மெசேஜைக்கூடப் படம் பிடிச்சு வச்சிருக்கான்.”

வாசலிலிருந்து அப்பா திரும்பி வந்தார். மகள் தோளுக்குப் பின்னால் நின்றார். திரையை அவர் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். “இப்ப நாம இதை அழிச்சிட்டா?” என்று கேட்டார்.

“அந்தப் பிள்ளை தனியா நிக்கும்ப்பா” என்றாள் கௌரி.

அப்புறம் அவர் குடையை எடுத்தார். “எந்திரிட்டி. ஸ்டேஷனுக்குப் போவோம்.”

கடைக் கம்ப்யூட்டரில் நான் எதையும் சேமிக்கவில்லை. டிரைவைக் கழற்றி, ஒரு கவரில் போட்டு ஒட்டி, கடையைப் பூட்டிவிட்டு மகளிர் காவல் நிலையத்துக்கு அவர்களோடு நானும் போனேன். அங்கே இருந்த இன்ஸ்பெக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு அவன் போனும் லேப்டாப்பும் அவர்கள் கைக்குப் போயின. அவனைக் கைது செய்தார்கள். கேஸ் நடக்கிறது. நானும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். சொல்வேன், ரஹீமா. எனக்கென்ன பயம்?

அந்த இன்னொரு பெண்ணையும் போலீஸ் கண்டுபிடித்துவிட்டது. பாவூர்சத்திரம் பக்கம். மிரட்டலுக்குப் பயந்து வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறாள். போன வாரம் அவளே கடையைத் தேடி வந்தாள். துப்பட்டாவைத் திருகிக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தப் படத்தையெல்லாம் நீங்க பாத்தீங்களாக்கா?”

“இல்லம்மா. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

அவள் அழவில்லை, தெரியுமா? அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். பிறகு உட்கார்ந்து டீ குடித்தாள். மறுபடி வேலைக்குப் போகிறாளாம். கௌரியோடு தினம் பேசுகிறாளாம்.

நீ இருந்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பாய்? என்னை விட நன்றாகச் சொல்லியிருப்பாய், அது நிச்சயம். ஆனாலும் நான் தடுமாறவில்லை என்பது உனக்குத் தெரியட்டும்.

கேஸ் முடிந்து, கோர்ட்டு அனுமதித்து அந்த டிரைவ் என்றைக்காவது திரும்பி வந்தால், அந்த இரண்டு பெண்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, டிக்கை எடுத்துவிட்டு, முழு ஃபார்மட் போடுவேன். பட்டனை அழுத்துவது அவர்கள் கையாகத்தான் இருக்கும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மகள் பெரியம்மா என்று கூப்பிடும் உன் அக்கா,
வடிவு